மலைநாட்டு வீட்டில் வாசனை எண்ணெய்: எந்தப் போத்தல், எத்தனை துளி

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய், சாதிக்காய் எண்ணெய் எல்லாம் பத்து மில்லி போத்தல்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் போனால் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் கிடைக்கும். போத்தல் சிறியது, வாசனை பெரியது. வாங்கி வந்தவர்கள் அடுத்துத் தேடுவது, இதை எப்படிப் பாவிப்பது என்பதைத்தான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆரம்பநிலைக் குறிப்புகளில் பெரும்பாலானவை லவெண்டரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. லவெண்டர் சாதுவான எண்ணெய், ஒரு துளி கூடினாலும் பெரிய சேதமில்லை. நம் கைக்கு எட்டுபவை அப்படிப்பட்டவை அல்ல. கராம்பும் கறுவாவும் தோலை எரிக்கும். விண்டர்கிரீன் குடித்தால் உயிருக்கே ஆபத்து. யூகலிப்டஸ் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. இங்கே தொடங்குகிறவர், வலுவான எண்ணெய்களிலிருந்துதான் தொடங்குகிறார். அதனால் அளவு என்பது நமக்கு முதல் பாடம்.

இந்த எண்ணெய் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அளவு தானாக விளங்கும். இலையையோ மொட்டையோ பட்டையையோ கொதிகலனில் போட்டு நீராவி செலுத்துகிறார்கள். ஆவியோடு எண்ணெயும் கிளம்பி, குளிர்ந்த குழாய் வழியாக வந்து, தண்ணீரிலிருந்து தனியாகப் பிரிகிறது. உலர்ந்த கராம்பு மொட்டு 100 கிலோவிலிருந்து சுமார் 15 கிலோ எண்ணெய் வரும். கறுவாப் பட்டையில் அதே 100 கிலோவுக்கு ஒரு கிலோ கிடைத்தாலே நல்லது. கராம்பு எண்ணெயின் ஒரே துளியில் மூன்று, நான்கு கராம்பின் முழு எண்ணெயும் அடங்கியிருக்கிறது. ஒரு தேக்கரண்டி என்றால் முந்நூறு கராம்புக்கு மேல். சோற்றுப் பானையில் இரண்டு கராம்பு போடுகிறோம், அதனால் இந்த எண்ணெயும் பாதுகாப்பானது என்ற கணக்கு இங்கே செல்லாது.

போத்தல் போத்தலாக

கராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினோல் என்ற பொருள். பல் வைத்தியர் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையில் மணப்பது அதுதான். நரம்பை மரத்துப்போகச் செய்யும், அதே வேகத்தில் ஈறைப் புண்ணாக்கவும் செய்யும். பல்வலிக்குப் போத்தலைச் சாய்த்து நேரே விடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது வேண்டாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு துளி கராம்பு எண்ணெயைக் கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, வலிக்கும் பல்லின் மேல் மட்டும் வைக்க வேண்டும். ஈறிலும் நாக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது பல் வைத்தியரிடம் போகும்வரை சமாளிக்கத்தான். சொத்தையை இது ஆற்றாது.

கறுவாவில் இரண்டு எண்ணெய் உண்டு, இரண்டும் வேறு வேறு. இலை எண்ணெய் கராம்பின் சொந்தக்காரன், அதிலும் பெரும்பகுதி யூஜினோல்தான். பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சினமால்டிஹைட். மணத்தில் அதுவே உயர்ந்தது, விலையிலும் அப்படியே. ஆனால் தோலுக்கு மிக மோசமானது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கறுவா வாசனை சேர்த்த பற்பசை கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பட்டை எண்ணெயைத் தோலில் பூசவே வேண்டாம், அறை வாசனைக்கு ஒரு துளி போதும். லேபலில் 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் போட்டு, இலையா பட்டையா என்று சொல்லாத போத்தலை வாங்காமல் விடுவது நல்லது.

யூகலிப்டஸ் நம் மலையில் எங்கும் நிற்கிறது. தோட்டத்தில் விறகுக்காக நட்டதில் பெரும்பகுதி கிராண்டிஸ் வகை. அதில் எண்ணெய் குறைவு, மருந்து வாசனையும் அவ்வளவாக இல்லை. தைலத்துக்குப் பேர்போனது குளோபியூலஸ் வகை. அதன் பிரதான சரக்கு சினியோல், மருந்துத் தரத் தைலத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூக்கடைப்பில் காற்று திறந்ததுபோல உணரவைப்பது இதுதான். பெரியவர்களுக்கு இது ஆரம்பிக்க ஏற்ற எண்ணெய். பிள்ளைகள் விஷயம் வேறு. சில மில்லி குடித்தாலே சிறு பிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூக்கு, முகம், நெஞ்சு எதிலும் யூகலிப்டஸ், மெந்தோல், கற்பூரம் தடவக் கூடாது. சளி பிடித்த கைக்குழந்தைக்கு இளஞ்சூடான தேங்காயெண்ணெய் மட்டும் தடவுவதே போதுமானது.

விண்டர்கிரீன் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மலைநாட்டுக்கே உரிய போத்தல். ஹோட்டன் சமவெளி, நுவரெலியா உயரங்களில் தானாக வளரும் ஒரு புதர்ச் செடியின் இலையிலிருந்து வடிப்பது. சிங்களத்தில் வெல் கபுரு என்பார்கள். மூட்டுவலிக்கும் உளுக்குக்கும் தேய்க்கிற அந்த மணம் எல்லாருக்கும் பழக்கம். அந்த எண்ணெயில் 95 சதவீதத்துக்கு மேல் மெத்தில் சாலிசிலேட். அஸ்பிரின் குடும்பத்துப் பொருள் இது. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ஒரு சின்னப் பிள்ளையின் உயிரைப் பறிக்க அது போதும். இனிப்பான மிட்டாய் வாசனை வேறு, பிள்ளை முகம் சுளிக்காமல் வாயில் வைக்கும்.

குடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. தோல் வழியாக இது நன்றாக உள்ளே இறங்கும், தேய்த்த பின் கம்பளியால் போர்த்திச் சூடேற்றினால் இன்னும் கூடுதலாக. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிப்பவர்களுக்கு, தோலில் பூசிய மெத்தில் சாலிசிலேட்டாலேயே இரத்தக் கசிவு வந்திருக்கிறது. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் இதைத் தொட வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு முறிகிற நேரத்தில் விண்டர்கிரீன் தேய்க்கிற பழக்கத்தையும் விட வேண்டும். அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், அஸ்பிரின் வகைப் பொருள் எதுவும் இரத்தக் கசிவை மோசமாக்கக்கூடும். வலிக்கு இந்த வாசனைதான் வேண்டுமென்றால், சுத்த எண்ணெயை வாங்குவதைவிட, அளவு அச்சிட்ட வலிக் களிம்பு நல்லது. கோடாலித் தைலம், சித்தாலேப போன்றவை ஏற்கெனவே பல எண்ணெய் சேர்த்துச் செய்தவை. அவற்றின் மேல் வீட்டுக் கலவை எதையும் சேர்த்துப் பூச வேண்டாம்.

சேரை (லெமன்கிராஸ்), சிட்ரனெல்லா இரண்டும் புல் எண்ணெய்கள். சேரை எண்ணெயில் சிட்ரால் அதிகம், தோலை உறுத்தும். சிட்ரனெல்லாவில் இலங்கை வகை, ஜாவா வகை என்று இரண்டு உண்டு. நுளம்பு விரட்டும் சிட்ரனெல்லால் ஜாவா வகையிலேயே கூடுதல். தெற்குப் பக்கம் வடித்து வருவது மலைநாட்டுக் கடைகளுக்கும் வந்து சேர்கிறது.

கலக்கும் கணக்கு

வாசனை எண்ணெய் எதையும் நேரே தோலில் வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்ற தாங்கு எண்ணெயில் கலந்தே பூச வேண்டும். கணக்கு எளிது. ஒரு மில்லியில் ஏறக்குறைய 20 துளி என்று வைத்தால், 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, தாங்கு எண்ணெய்க்கு 6 துளி போட்டால் ஒரு சதவீதம், 12 துளி போட்டால் இரண்டு சதவீதம். ஆரோக்கியமான பெரியவரின் உடம்புக்கு யூகலிப்டஸ், சிட்ரனெல்லா இரண்டு சதவீதம் வரை போகலாம். முதல்முறை பாவிப்பவர் ஒரு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். சேரை 30 மில்லிக்கு 4 துளிக்கு மேல் கூடாது. கராம்பு, கறுவா இலை 3 துளி, அதுதான் எல்லை. இரண்டையும் ஒரே கலவையில் சேர்ப்பதானால் இரண்டும் சேர்ந்தே 3 துளி. இரண்டிலும் இருப்பது ஒரே யூஜினோல் அல்லவா.

துளி என்பது நம்பத்தக்க அளவு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். போத்தல் வாயின் துளையைப் பொறுத்து ஒரு மில்லியில் 20 துளியும் இருக்கலாம், 40 துளியும் இருக்கலாம். பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கி, புதுப் போத்தலிலிருந்து ஒரு மில்லிக் கோடு வரை துளிகளை எண்ணி விழவிட்டு, அந்த எண்ணிக்கையை லேபலில் எழுதி வைத்தால் பிறகு குழப்பமில்லை. அளந்த எண்ணெயை உடனே கலவைக்கு ஊற்றிவிட வேண்டும், சுத்த எண்ணெய் பிளாஸ்டிக்கை இளக்கும். அந்தச் சிரிஞ்சைப் பிள்ளை மருந்துக்குத் திரும்ப எடுக்கவே கூடாது.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு சங்கடம், தேங்காயெண்ணெய். அது சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் எப்போதும் ஓடுகிற எண்ணெய், நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பெரும்பாலான நாட்கள் கட்டியாகவே இருக்கும். கட்டியின் மேல் துளிகளைச் சொட்டிக் கரண்டியால் கிண்டினால் வாசனை எண்ணெய் ஓரிடத்தில் குவிந்து நிற்கும். அந்தப் பகுதியை எடுத்துப் பூசியவரின் தோல் சிவக்கும். போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி முழுக்க உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகே துளிகளைச் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் போட்டால் வாசனை பறந்துவிடும். இந்த வேலை தொந்தரவு என்றால் நல்லெண்ணெயே போதும், நம் மலைக் குளிரில் அது உறையாது. அதன் சொந்த மணம் சிலருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

புதுக் கலவையை முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய்க் காசளவு பூசி, 24 மணித்தியாலம் பார்க்க வேண்டும். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எதுவும் வராவிட்டால் மேலே போகலாம். எரிந்தால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல், சமையல் எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது, பரவத்தான் செய்யும். அதே காரணத்தால் குளிக்கும் வாளியில் துளி விடுவதும் வேண்டாம். மேலே மிதக்கும் எண்ணெய் முதல் குவளையிலேயே மொத்தமாகத் தோலில் இறங்கும்.

வெயிலும் கணக்கில் சேரும். பிழிந்தெடுத்த தேசிக்காய், எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிக் கொப்புளமாக்கும். உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் கூடும்போதும் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. காலையில் பூசிக்கொண்டு கொழுந்து பறிக்கவோ மரக்கறித் தோட்டத்துக்கோ போனால் மாலைக்குள் அடையாளம் விழும். பூசிய இடத்தில் பன்னிரண்டு மணித்தியாலமாவது வெயில் படக் கூடாது. நீராவியில் வடித்த தேசிக்காய் எண்ணெய்க்கும் தோடம்பழ எண்ணெய்க்கும் இந்தக் குணம் இல்லை.

சின்னக் காம்பரா, மூடிய ஜன்னல்

எண்ணெயைத் தண்ணீரோடு பனியாக ஊதும் மின்சார டிஃப்யூசரோடு வரும் தாளில் 100 மில்லி தண்ணீருக்கு ஐந்து, எட்டு துளி என்று போட்டிருக்கும். அது பெரிய ஹோல்களுக்கான கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், பனிக்குப் பயந்து கதவு ஜன்னல் அடைத்து, பக்கத்தில் விறகடுப்புப் புகையும் இருக்கையில் அந்த அளவு தலையிடியும் இருமலும் தரும். இரண்டு துளி, இருபது நிமிடம், பிறகு நிறுத்தி ஒரு மணித்தியாலம் இடைவெளி, ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்க வேண்டும். இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். பூனையின் ஈரலால் இவ்வகைப் பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பூனை வளர்ப்பவர்கள் அது வெளியே போக வழி வைத்துவிட்டே பாவிக்க வேண்டும்.

ஹட்டன் பக்கம் மே முதல் ஓகஸ்ட் வரை மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். அந்த நேரத்தில் தண்ணீரைப் பனியாக ஊதும் இயந்திரம், இருக்கிற ஈரத்தைக் கூட்டிப் பூஞ்சணத்துக்கு உதவி செய்கிறது. அலுமாரியின் பூஞ்சண நாற்றத்தை யூகலிப்டஸ் மறைக்குமே தவிர ஈரத்தைப் போக்காது, அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைப்பதே அதற்கு வழி. மழைநாட்களில் மிகப் பொருத்தமானது மெருகு பூசாத மண்சட்டித் துண்டு. கழுவிக் காயவைத்த துண்டில் இரண்டு மூன்று துளி விட்டு, தட்டில் வைத்து உயரத்தில் வைத்தால் மெல்ல மெல்ல மணக்கும். மின்சாரம் தேவையில்லை, அறையின் ஈரமும் அதிகரிக்காது.

சாம்பிராணித் தணலில் மட்டும் எந்த எண்ணெயையும் சொட்டக் கூடாது. யூகலிப்டஸ் எண்ணெயின் ஆவி 50 பாகையை எட்டுமுன்பே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குப் புகை காட்டும்போது தணலில் தைலம் விட்டால் சுவாலை குபீரென்று எழும்.

ஆவி பிடிப்பதில் பெரும்பாலான விபத்துகள் கொதிநீரால்தான் வருகின்றன. பானையைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குனியும் பழக்கத்தில், ஓடிவரும் பிள்ளை ஒன்று தட்டினால் போதும். மேசையில், அகலமான அடியுள்ள பாத்திரத்தில், அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, யூகலிப்டஸ் ஒரே துளி விட வேண்டும். கண்ணை மூடி, முகத்தை ஒரு முழம் தள்ளி, ஐந்து நிமிடம். கண்ணைத் திறந்தால் எரியும். பத்துத் துளி விட்டால் பத்து மடங்கு குணம் வராது, மூக்கின் உட்சவ்வு காய்ந்து அடைப்பு இன்னும் மோசமாகும். பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். போத்தலே இல்லாமல், ஒரு கைப்பிடி யூகலிப்டஸ் இலையைப் போட்டுக் கொதிக்கவைக்கும் பழைய முறையில் எண்ணெய் மெதுவாகவும் குறைவாகவும் வெளியேறுகிறது. பெரியவர்களுக்கு அதுவே நிதானமான வழி.

நுளம்புக்குச் சிட்ரனெல்லா பூசினால் ஒரு மணித்தியாலம் போல வேலை செய்யும், பிறகு ஆவியாகிப் போய்விடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. கண்டியிலும் மாத்தளையிலும் டெங்குக் காலத்தில் இதை மட்டும் நம்பிப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பக் கூடாது. அட்டைக்கும் இதே கதைதான், முதல் மழையிலேயே காலிலிருந்து கழுவிப்போகும்.

வாங்குவது, வைப்பது

நல்ல லேபலில் தாவரத்தின் விஞ்ஞானப் பெயர், எந்தப் பாகம், வடித்த திகதி இருக்கும். வீட்டிலேயே இரண்டு சின்னச் சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்தால், எண்ணெய்க் கறை பளபளப்பாக நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்க வாய்ப்புண்டு. வெட்டிவேர், சந்தனம் போன்ற தடித்த எண்ணெய்களுக்கு இது பொருந்தாது, அவை சுத்தமாக இருந்தாலும் கறை விடும். அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கராம்பு, கறுவா, விண்டர்கிரீன் எண்ணெய்கள் தண்ணீரைவிடக் கனமானவை. கிளாசில் ஒரு துளி விட்டு, மேலே தங்கினால் ஈர்க்குச்சியால் மெல்ல அமுக்கிவிட்டால் அடியில் போய் உட்கார வேண்டும். யூகலிப்டஸ், சேரை, சிட்ரனெல்லா மிதக்க வேண்டும். 'சுத்தமான கராம்பு எண்ணெய்' மிதந்துகொண்டே இருந்தால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது. இரண்டிலும் தேறிய எண்ணெய் கலப்படமில்லாதது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. செயற்கையாகச் செய்த சினமால்டிஹைட் இரண்டு சோதனைக்கும் பிடிபடாது. ஆய்வுகூடத்தில், எண்ணெயில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு செய்தால்தான் தெரியும்.

போத்தல் கபில நிறக் கண்ணாடியாக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ரப்பர்த் துளிசொட்டியைப் போத்தலிலேயே விட்டுவைத்தால் ரப்பர் இளகி எண்ணெயில் கரையும். நம் குளிர் எண்ணெய்க்கு நல்லது, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, அடுப்படியிலிருந்து தள்ளி இருட்டான இடம் போதும். திறந்த திகதியை எழுதி ஒட்ட வேண்டும். தேசிக்காய், தோடை எண்ணெய்கள் திறந்து ஓராண்டுக்குள் காற்றில் பழுதாகி, முன்பு ஒத்துக்கொண்ட தோலிலேயே ஒவ்வாமையைக் கிளப்பும். பழையதை வாய்க்காலிலோ பீலித் தண்ணீர் ஓடும் பக்கமோ ஊற்றக் கூடாது. மரத்தூளில் ஊறவிட்டுக் கட்டி, நெருப்புப் படாமல் குப்பையில் சேர்க்க வேண்டும்.

எல்லாப் போத்தலும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும், சாமி தட்டில் எண்ணெய்ப் போத்தல் பக்கத்தில் அல்ல. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. திரும்பி வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். பால் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வைத்தியர் முதலில் கேட்பார். கண்ணில் பட்டால் ஓடும் சுத்தத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவிவிட்டுப் பிறகு புறப்பட வேண்டும்.